மறதிநோயும் துணைவரின் இரவும்

(தில்லி ஆர்.கே.புரத்தில் தமிழ் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1886இல் சிகாகோ தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது எழுப்பிய முழக்கம் வேலை நேரத்தைப் பற்றியது என்றே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. அந்த முழக்கத்திற்கு மூன்று பகுதிகள் இருந்தன. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் சொந்த வாழ்வு. சென்னையில் சிங்காரவேலர் 1923இல் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடி நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. உறக்கத்தையும் ஓர் அரசியல் கோரிக்கையாகக் கண்ட அந்த இரண்டாவது பகுதி மட்டும் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், ஓர் இரவுகூட முழுமையாக உறங்க முடியாத ஒரு பகுதியினர் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, ஊதியம் இல்லை, பணி நேரம் இல்லை. மறதிநோய்க்கு ஆளான கணவனையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பராமரிக்கும் துணைவர்களே அவர்கள். பெரும்பாலும் அவர்களுக்கும் வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மூட்டு வலியும் இருக்கும். இந்த உரை அவர்களது பகலையும் இரவையும் பற்றியது.

ஒரு ரயில்வே எழுத்தரின் மனைவி

இந்த நோயின் வரலாறே ஓர் அரசு ஊழியரின் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் கார்ல் டிட்டர். அவரது மனைவி அகுஸ்தே டிட்டருக்கு ஐம்பது வயதையொட்டி நினைவு தடுமாறத் தொடங்கியது. சமையல் குழம்பியது. கணவர் மீது காரணமற்ற சந்தேகம் எழுந்தது. இரவுகளில் படுக்கை விரிப்புகளை இழுத்துக்கொண்டு வீடெங்கும் அலைந்தார்; நள்ளிரவில் மணிக்கணக்கில் கத்தினார். தாக்குப்பிடிக்க முடியாத கணவர் 1901 நவம்பரில் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே அவரைப் பரிசோதித்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர். மருத்துவமனைக் கட்டணம் அந்த எழுத்தருக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. 1906 ஏப்ரலில் அகுஸ்தே இறந்தார். அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து கண்டவற்றை அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் அல்சைமர் விளக்கினார். மருத்துவரின் பெயர் நோய்க்கு நிலைத்தது. அந்த நோயாளியின் மருத்துவக் குறிப்பேடு தொலைந்துபோய், 1995இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

ஒரு கீழ்நிலை அலுவலக ஊழியர், நோயுற்ற மனைவி, உறக்கமற்ற இரவுகள், கட்டமுடியாத கட்டணம். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் ஆர்.கே.புரத்தின் செக்டர் குடியிருப்புகளில் உள்ள ஒரு மேல்நிலை எழுத்தருக்கு இந்தக் கதையில் அந்நியமாகத் தோன்றக்கூடியது ஊர்ப் பெயர் மட்டுமே.

மறதிநோய் என்பது முதுமையின் இயல்பான மறதி அன்று. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயதின் விளைவு. சாவி எதற்குப் பயன்படும் என்பதே மறந்துபோவது நோய். அதன் வகைகளில் அல்சைமர் நோயே மிகுதி. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 60 முதல் 70 விழுக்காடு. அதற்கு அடுத்து மூளை இரத்தக் குழாய் பாதிப்பால் வருவது, லெவி பாடி என்னும் வகை, மூளையின் முன்பகுதி சுருங்குவதால் வருவது என்று சில உண்டு. 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கிறார்கள். ஆண்களில் 5.8 விழுக்காடு, பெண்களில் 9 விழுக்காடு. நகரங்களில் 5.3, கிராமங்களில் 8.4. பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாத ஒரு தலைமுறைப் பெண்களின், கிராமத்து ஏழைகளின் முதுமை இந்த எண்களில் எழுதப்பட்டிருக்கிறது. கல்விக் குறைவு இந்த நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. லான்செட் ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை காற்று மாசுபாட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. தில்லிவாசிகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பரிசோதனை என்னும் நெடும்பயணம்

ஆர்.கே.புரத்திலிருந்து எய்ம்ஸ் மருத்துவமனையும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ரிங் ரோட்டில் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. நாட்டின் பல மாவட்டங்களோடு ஒப்பிட்டால் இது பெரும் வசதி. ஆனால், தான் எங்கே அழைத்துச் செல்லப்படுகிறோம் என்று அறியாத ஒருவரைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, புறநோயாளிப் பிரிவின் வரிசையில் பல மணி நேரம் அமர்த்தி வைக்கும் துணைவருக்கு அந்தச் சில கிலோமீட்டர் மிக நீண்டது. எழுந்து நடக்கிறார், உட்காரவைத்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார், கழிப்பறைக்குத் தனியே அனுப்ப முடியவில்லை, உடன் போனால் வரிசையில் இடம் பறிபோகிறது. அறுபத்தெட்டு வயது மனைவி எழுபத்தைந்து வயதுக் கணவரை ஆண்கள் கழிப்பறை வாசலில் விட்டுவிட்டுத் தவிக்கும் காட்சியை எந்த மருத்துவமனையிலும் காணலாம். யாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு குடும்பக் கழிப்பறை கட்ட எத்தனை கோடி வேண்டும்?

இருந்தும் பரிசோதனைகளைத் தவிர்க்கக் கூடாது. காரணம் எளியது: மறதிநோய் போலத் தோன்றுகின்ற எல்லாமே மறதிநோய் அல்ல. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, இரத்தத்தில் சோடியம் குறைதல், கட்டுப்பாடற்ற சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவையும் நினைவைக் குலைக்கும். தலையில் எப்போதோ அடிபட்டு மண்டையோட்டுக்குள் மெல்ல இரத்தம் கசிந்து உறைந்திருக்கலாம். மூளையில் நீர் கோத்திருக்கலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவேதான் இரத்தப் பரிசோதனைகளும் தலை ஸ்கேனும் முதலில் கேட்கப்படுகின்றன. வயதாகிவிட்டது, இதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று வீட்டாரே முடிவு செய்யும் போது, குணப்படுத்தக்கூடிய ஒருவரும் கைவிடப்படுகிறார்.

இந்தப் பரிசோதனைகளில் துணைவரின் பங்கு மருத்துவரின் பங்குக்கு இணையானது. நோயாளி பத்து நிமிடம் மருத்துவரின் எதிரே அமரும்போது வியக்கத்தக்க தெளிவுடன் பேசிவிடுவார். எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்பார். உண்மை நிலை துணைவருக்கே தெரியும். அதை நோயாளியின் முன்னால் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அவர் அவமானப்படுகிறார், கோபப்படுகிறார். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுப்பது மேல்: எப்போது தொடங்கியது, எது முதலில் மறந்தது, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார், இரவில் எத்தனை முறை எழுகிறார், குறட்டை உண்டா, உறக்கத்தில் கை கால்களை வீசுகிறாரா, கீழே விழுந்தாரா. இறுதியில் சொன்ன அந்த இரவுக் கேள்விகளைப் பல மருத்துவர்கள் கேட்பதே இல்லை. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இன்னொரு தடை. குறுகிய குழாய், காதைப் பிளக்கும் ஓசை, அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்ற கட்டளை. இது நலமானவரையே கலங்க வைக்கும். மனைவியின் குரல் கேட்டால் அடங்கிவிடும் ஒருவரை அறைக்குள் தனியே அனுப்பிவிட்டு, ஒத்துழைக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது. உலோகப் பொருள் எதுவும் உடலில் இல்லை, உடலுக்குள் பேஸ்மேக்கர் போன்ற கருவி இல்லை என்பது உறுதியானால், துணைவரை உடன் இருக்க அனுமதிக்கக் கேட்கலாம். காலை நேரத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது. மாலையில் குழப்பம் கூடும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் சி.டி. ஸ்கேனே மருத்துவரின் கேள்விக்கு விடை தருமா என்றும் கேட்கலாம். கேட்பது நோயாளியின் உரிமை. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைக்குச் சர்க்கரை நோயாளியை நண்பகல் வரை பட்டினி போட்டுக் காத்திருக்க வைக்கக் கூடாது என்பதையும் துணைவரே சொல்ல வேண்டியிருக்கிறது.

தில்லித் தமிழர்களுக்கு இதில் தனியொரு சிக்கல் உண்டு. நினைவாற்றல் சோதனை என்பது அடிப்படையில் மொழிச் சோதனை. இன்று என்ன கிழமை, இந்தப் பொருளின் பெயர் என்ன, மூன்று சொற்களை நினைவில் வைத்துச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். தஞ்சையிலோ நெல்லையிலோ பிறந்து, திருமணமாகித் தில்லிக்கு வந்து, காய்கறிக்காரரிடமும் பால்காரரிடமும் பேசிப் பேசி இந்தி கற்ற ஒரு மூதாட்டியிடம் இந்தியில் கேட்டால் என்ன விடை வரும்? பிற்காலத்தில் கற்ற மொழி முன்னதாக நழுவிப் போவதும், பேச்சு தாய்மொழிக்குத் திரும்புவதும் இந்த நோயில் பலரிடம் காணப்படுவது. விடை தெரியாதது நோயாலா, மொழியாலா என்பது மதிப்பெண் தாளில் தெரியாது.

இதை இந்திய ஆய்வாளர்கள் அறியாதவர்கள் அல்லர். தில்லிக்கு அருகே ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்திய-அமெரிக்கக் கூட்டு ஆய்வு நடந்தபோது, எழுத்தறிவு பெறாத மூத்தோருக்கு ஆங்கிலச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்துப் பயனில்லை என்று உணர்ந்து, படிக்கவோ எழுதவோ தேவைப்படாத இந்தி வடிவத்தை உருவாக்கினார்கள். அது 1995இல் வெளியானது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் உருவாக்கிய சோதனைத் தொகுதி முதற்கட்டமாக இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. இந்தியா முழுவதிலிருந்தும் ஊழியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய தலைநகரில், தாய்மொழியில் சோதனை செய்யும் ஏற்பாடு ஒவ்வொரு பெரிய அரசு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும் என்று கேட்பதில் மிகை எதுவும் இல்லை. இன்னொரு புறம், ஐதராபாத்தின் நிசாம் மருத்துவ நிறுவனத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இரு மொழி பேசுவோருக்கு மறதிநோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதித்து வருவதாகக் கண்டது. பல மொழிகளோடு வாழ்வது வேறு. ஒரே மொழியைத் திணிப்பது வேறு.

இரவு

வீட்டுப் பராமரிப்பு முறிந்துபோவது பெரும்பாலும் இரவில்தான். பகலில் உண்ணமாட்டேன் என்றால் சமாளிக்கலாம். ஒரே கேள்வியை ஐம்பது முறை கேட்டால் ஐம்பது முறை விடை சொல்லலாம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று சட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்க முயலும் ஒருவரை நாள்தோறும் தடுத்துப் படுக்கவைக்கும் மனைவி, மூன்றாவது மாதத்தில் தானே நோயாளியாகிறார்.

இது அவரது பிடிவாதம் அன்று என்று அறிவது முதல் உதவி. மூளையின் அடிப்பகுதியில், பகலையும் இரவையும் உடலுக்கு உணர்த்தும் ஒரு சிறு நரம்புத் தொகுதி இருக்கிறது. அல்சைமர் நோய் அதையும் அரிக்கிறது. கடிகாரம் பழுதாகிறது. மாலை மங்கும் நேரத்தில் கலக்கம் கூடுவதும் இதனோடு தொடர்புடையது. தில்லியின் டிசம்பரில் மாலை ஐந்தரை மணிக்குள் இருட்டிவிடுகிறது. புகைமூட்டம் இருந்தால் அதற்கும் முன்னரே. நாள் முழுவதும் மூடிய அறையில் ரஜாய்க்குள் கிடப்பவருக்குப் பகல் என்ற ஒன்றே வருவதில்லை.

ஆகவே இரவுக்கான சிகிச்சை காலையில் தொடங்குகிறது. காலை வெயிலில் அரை மணி நேரம் நடக்க வைப்பது, உட்காரவாவது வைப்பது. செக்டர்களுக்கு இடையே உள்ள பூங்காக்கள் இதற்கு உதவும்; குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டங்கள் பக்கத்துப் பகுதிகளில் எத்தனை மரங்களைக் கேட்டன என்பதை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு நினைவூட்டும். பகல் உறக்கத்தை நண்பகலுக்குப் பின் அரை மணி நேரத்தோடு நிறுத்துவது. மாலை நான்கு மணிக் காப்பியைக் காலைக்கு மாற்றுவது. தமிழ்க் குடும்பத்தில் இது மருந்தை மாற்றுவதை விடக் கடினம், ஆனால் பயன் தரும். இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டுவிடுவது. கழிப்பறை வழியில் மங்கலான விளக்கு ஒன்று இரவு முழுதும் எரியட்டும். இரவில் எழுந்துவிட்டால் வாதிடக் கூடாது. 'நீங்கள் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது' என்று நிரூபிக்கும் முயற்சி அவரைக் கலங்கவைக்கும்; 'இன்று விடுமுறை' என்ற ஒரு சொல் படுக்கைக்குத் திருப்பிவிடும்.

உறக்கம் கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றைத் தேட வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாதவர் இரவில் உழல்வார். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அரிப்பு எல்லாம் இரவில் எழுப்பும். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது உறக்க மூச்சுத்திணறல். அதற்குத் தனிப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. கனவில் நடப்பதை உடலால் நடித்து, பக்கத்தில் படுத்திருப்பவரை அடிக்கவும் செய்வது லெவி பாடி வகையின் அறிகுறியாக இருக்கலாம். இதைத் துணைவர் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் குழப்பம் பன்மடங்கானால், அது மறதிநோய் முற்றியதாக எண்ணிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் சரிவு ஆகியவை அப்படித்தான் வெளிப்படும்.

மருந்துகளைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாத அல்பிரசோலம் போன்ற உறக்க மாத்திரைகள் பல கடைகளில் கேட்டவுடன் கிடைக்கின்றன. அவை மறதிநோயாளியின் குழப்பத்தைக் கூட்டும். இரவில் தள்ளாடி விழவைக்கும். இடுப்பெலும்பு முறிவு பலருக்கு இறுதிப் படுக்கையாகும். சளி மருந்துகளில் உள்ள தூக்கம் தரும் ஒவ்வாமை எதிர்ப்புப் பொருட்களும் நினைவை மேலும் மழுக்கும். மனநோய்க்கான சில மருந்துகளை அமைதிப்படுத்துவதற்காக எழுதித் தருகிறார்கள். அவை மறதிநோயுற்ற முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. லெவி பாடி வகையினருக்கு அவை உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தச் சூழலிலும் கூடாது என்பதல்ல. வேறு வழிகளைப் பார்த்த பிறகு, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே. நினைவுக்காகத் தரப்படும் டோனெபெசில் மாத்திரையே சிலருக்குப் பயங்கரக் கனவுகளைத் தரும்; அதைக் காலையில் தரலாமா என்று மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டதால் இரவு அமைதியான வீடுகள் உண்டு.

பராமரிப்பவரின் உறக்கத்துக்கு மாத்திரை எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது மாற்றாள். வாரத்தில் இரண்டு இரவுகள் மகனோ மருமகளோ உறவினரோ நோயாளியின் அறையில் படுத்துக்கொண்டு, துணைவரை வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கவிட வேண்டும். ஓர் அறை வீட்டில், வெளியூரில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தில், இது எப்படி நடக்கும்? இங்கேதான் வீட்டுப் பிரச்சனை அரசின் பிரச்சனையாகிறது.

யாருடைய உழைப்பு

மறதிநோயால் உலகுக்கு 2019இல் ஏற்பட்ட செலவை 1.3 லட்சம் கோடி டாலர் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய பாதி, குடும்பத்தினர் ஊதியமின்றிச் செய்யும் பராமரிப்பின் மதிப்பு. அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது. இந்தியாவின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். மனைவி நோயுற்றதால் முதன்முறையாக அடுப்படிக்குள் நுழைந்து, அவருக்குத் தலைவாரவும் சேலை உடுத்தவும் கற்றுக்கொண்ட கணவர்களும் இந்தக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டுவதற்கு ஊரே கூடுகிறது. அதையே செய்யும் மனைவியை யாரும் கவனிப்பதில்லை, அது அவரது கடமை என்று முன்பே முடிவாகிவிட்டது.

சட்டமும் துணைவரைத் தனியே விட்டிருக்கிறது. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கி, பிற்காலத்தில் பாஜக கூட்டணி அரசில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் அல்சைமர் நோயுடன் தில்லியில் வாழ்ந்தார். அவரது அரசியல் மாற்றத்தை விமர்சிப்பவர்களும் அவரது இறுதி ஆண்டுகளைப் பரிவோடு பார்க்க வேண்டும். நெடுங்காலம் பிரிந்திருந்த மனைவி லைலா கபீர் 2010இல் பராமரிப்பை ஏற்றார். சகோதரர்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர் மனைவியுடன் இருக்கலாம், சகோதரர்கள் வந்து பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அவரது நீண்டகால அரசியல் துணையான ஜெயா ஜேட்லி அவரைச் சந்திப்பதற்கு 2012இல் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் அவர் மறைந்தார். முன்னாள் ஒன்றிய அமைச்சரின் குடும்பத்துக்கே இந்த நிலை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சிறார்களுக்கானது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை முடிவுகளுக்குப் பிரதிநிதியை நியமிக்க இடம் தந்தது. சொத்து மேலாண்மைக்கு முந்தைய சட்டத்தில் இருந்த பிரிவைக் கைவிட்டது. விளைவு, கணவர் பெயரில் உள்ள வைப்புநிதியிலிருந்து அவரது மருத்துவத்துக்கே பணம் எடுக்க மனைவி நீதிமன்றப் படியேற நேர்கிறது. கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவதும், ஓய்வூதியத் தாள்களையும் வாரிசு நியமனத்தையும் சரிபார்ப்பதும் அவசரமான வேலைகள். நோய் உறுதியான முதல் சில மாதங்களைத் தவறவிடக் கூடாது.

ஒன்றிய அரசு ஊழியர்களின் நிலைக்கு வருவோம். பிள்ளைப் பராமரிப்புக்குப் பெண் ஊழியருக்கு 730 நாட்கள் விடுப்பு உண்டு, போராடிப் பெற்றது. மறதிநோயுற்ற கணவனுக்காகவோ மனைவிக்காகவோ தனி விடுப்பு கிடையாது. முதிய பெற்றோரைப் பராமரிக்க விடுப்பு உண்டா என்று 2025 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பையும் இருக்கின்ற மற்ற விடுப்புகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அரசு பதிலளித்தது. உழைத்து ஈட்டிய விடுப்பையே சலுகையாகக் காட்டும் சாமர்த்தியம் இது.

அதைவிடக் கொடியது குடியிருப்புப் பிரச்சனை. மறதிநோயாளி ஓரளவு தடுமாறாமல் இருப்பது பழகிய வீட்டில்தான். எந்தப் பக்கம் கழிப்பறை, எந்தக் கதவைத் திறந்தால் வெயில் என்பது அவரது கால்களுக்குத் தெரியும். ஊழியர் ஓய்வு பெற்றதும் சில மாதங்களில் அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டு செக்டரில் வாழ்ந்த மனைவி, முனிர்காவின் ஒரு வாடகை மாடிக்கோ துவாரகாவின் ஓர் அடுக்குமாடிக்கோ மாற்றப்படுகிறார். அன்றிரவிலிருந்து உறக்கம் போகிறது. மருத்துவச் சான்றின் பேரில், மறதிநோயுற்றவர் உள்ள குடும்பத்துக்கு நியாயமான வாடகையில் கூடுதல் காலம் தர விதியைத் திருத்துவது அமைச்சகத்தின் ஒரு கையெழுத்தில் முடியக்கூடியது.

அரசு ஊழியருக்கு சி.ஜி.எச்.எஸ். மருந்தகமாவது உண்டு. முகமதுபூரின் சந்துகளில் வாழும் தையல்காரருக்கும் வீட்டு வேலைத் தொழிலாளிக்கும் என்ன உண்டு? எழுபது வயது கடந்த அனைவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் என்று 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் திட்டம் மருத்துவமனையில் படுப்பவருக்கானது. மறதிநோயாளி படுப்பது வீட்டில். புறநோயாளி மருந்து, ஸ்கேன், டயபர், இரவு உதவியாளர் எதுவும் அதில் இல்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கு ஒன்றிய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழ் மாதம் 200 ரூபாய். 2007 முதல் அந்தத் தொகை அசையவில்லை. 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டைப் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது, எட்டப்படவில்லை.

கேரளம் 2014இல் 'ஸ்மிருதிபதம்' என்ற பெயரில் மறதிநோய்க்கென மாநிலத் திட்டம் தொடங்கி, பகல்நேரப் பராமரிப்பு மையங்களுக்கு வழிகோலியது. இடது ஜனநாயக முன்னணி ஆட்சி 'ஓர்மத்தோணி' திட்டத்தைக் கொண்டுவந்தது. தேவைக்கு இவையும் போதாதவைதான். ஆனாலும் அரசின் பொறுப்பு என்று ஒப்புக்கொண்ட இடத்தில்தான் போதாது என்ற வாதத்தையே தொடங்க முடியும். தில்லியில் ஒவ்வொரு செக்டர் சமூகக் கூடத்திலும் பகலில் நான்கு மணி நேரம் ஒரு மையம் நடந்தால், அந்த நான்கு மணி நேரம் ஒரு மனைவி உறங்குவார். தமிழ்ச் சங்கம் இருக்கும் செக்டர் 5இலேயே, தமிழில் பேசவும் பழைய பாடல்களைக் கேட்கவும் வாரம் இருமுறை முதியோர் கூடலாம். ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.

இறுதியாக இரவு உதவியாளர்கள். முகமை வழியே அழைத்துவரப்படும் இவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த இளம்பெண்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், தரகுக் கழிவு, வார விடுமுறை கேட்டால் ஆள் மாற்றம். ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுக்கும் குடும்பமும், அதில் ஒரு பகுதியை மட்டுமே கையில் பெறும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்; நடுவில் இருக்கும் முகமையை இருவரும் பார்ப்பதில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஒரு மனைவியின் உறக்கத்தை மீட்க இன்னொரு பெண்ணின் உறக்கத்தைப் பறிக்கும் ஏற்பாடே இப்போது இருக்கிறது. பயிற்சி பெற்ற பராமரிப்புப் பணியாளர்களை அரசே நியமிக்க வேண்டும், அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் இ.எஸ்.ஐ.யும் எட்டு மணி நேர வேலையும் வேண்டும் என்ற கோரிக்கையில் ஓய்வூதியர் சங்கமும் வீட்டுப் பணியாளர் சங்கமும் ஒரே மனுவில் கையெழுத்திட முடியும். அந்த மனுவுக்கான கையெழுத்துகளை இந்தக் குடியிருப்புகளிலிருந்தே தொடங்கலாம்.